கிளாரினெட் வரும் இடம்

நான் யாரையும் சட்டென்று வெறுத்துவிடுகிறவள் அல்ல. ஒருவர் என்னைப் புண்படுத்தினால் முதலில் என் மேல்தான் எனக்குச் சந்தேகம் வரும். நான் என்ன சொன்னேன், எப்படிச் சொன்னேன் என்று குக்கர் விசில் அடங்குவதற்குள் ஐந்தாறு விதமாக யோசித்துவிடுவேன். நான் சொல்லப்போகிற மனிதர் விஷயத்திலும் அப்படித்தான் யோசித்தேன். யோசித்து முடித்த பிறகும் வெறுப்பு அப்படியே இருந்தது. அதனால் அதை நம்பினேன்.

அப்பா ரயில்வே அலுவலகத்தில் கிளார்க். கோர்படி ரயில்வே காலனி குவார்ட்டர்ஸில்தான் நான் வளர்ந்தேன். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். அப்பா பிறப்பதற்கு முன்பே புனேக்கு வந்தாயிற்று. வாரம் முழுக்கக் கோப்புகளோடு இருக்கும் அப்பா, சனிக்கிழமை மாலையில் ரயில்வேக்காரர்களின் நடன விருந்துகளில் கிளாரினெட் வாசிப்பார். அந்த பேண்டுக்காகத்தான் அமெரிக்க ஜாஸ் ரெக்கார்டுகளையும் பெரிய வாத்தியக் குழுக்களின் பிக் பேண்ட் ரெக்கார்டுகளையும் சேர்க்க ஆரம்பித்தார். ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிய ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் விட்டுப்போனவை, ஜூனா பஜார் பழைய சாமான் சந்தையில் துருப்பிடித்த பூட்டுகளோடு கிடந்தவை, பழைய பேப்பர்காரரின் தராசில் ஏறுவதற்கு முன் பிடுங்கியவை. எல்லாம் எழுபத்தெட்டு வேகத்தில் சுற்றும் கனமான அரக்குத் தட்டுகள். கை தவறினால் பீங்கான் மாதிரி உடையும்.

தொண்ணூறுகளின் நடுவில் அப்பா இறந்தார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டார். அப்பா இறந்தபோது நான் ஏழு மாதக் கர்ப்பிணி. குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொன்னதும் ரெக்கார்டுகள் முழுவதும் எங்கள் வாடகை வீட்டுக்கு வந்தன. அது தரைத்தளம். ஜூன் பிறந்தால் சுவரில் கை வைத்தால் ஈரம் ஒட்டும். மகள் பிறந்து, அந்த மழைக்காலம் முடிவதற்குள் ரெக்கார்டு உறைகளில் வெள்ளைப் பூசணம் படர்ந்துவிட்டது. குழந்தைக்குச் சளி பிடித்தால் உறைகளைப் பார்ப்பேன். உறைகளைத் துடைத்தால் குழந்தையைப் பார்ப்பேன். இரண்டையும் நான் சரியாகக் கவனிக்கவில்லை என்று தோன்றிக்கொண்டே இருக்கும்.

அப்போதுதான் அங்கிள் வந்தார். உறவில்லை. சர்ச்சில் எங்களுக்கு முந்தைய வரிசையில் உட்காருகிறவர். நல்ல கம்பெனியில் பெரிய வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். வான்வடியில் இரண்டாம் மாடியில் சொந்த ஃபிளாட். பழைய இசைத்தட்டு பிரியர்கள் மாதம் ஒரு முறை கூடும் குழு ஒன்றை நடத்திவந்தார். மூன்று தலைமுறை புனேவில் இருந்து இந்தி கலந்துபோன தமிழ் அவருடையது; என்னை ‘பேட்டா’, மகளே, என்றுதான் கூப்பிடுவார்.

“பேட்டா, இந்த ஈரத்துல வச்சா எல்லாம் கராப் ஆயிடும். நம்ம வீட்ல ஏசி ரூம் சும்மாதான் கிடக்கு. அங்க வச்சு, ஆராமா உக்காந்து, ஒவ்வொண்ணா டாக்குமெண்ட் பண்ணுவோம். அப்பா பேர் நிக்கணும்ல?”

கடைசியில் சொன்னாரே, அதற்குத்தான் நான் விழுந்தேன். அன்று மாலையே டெம்போ வந்தது. பெட்டிகளை ஏற்றும்போது என் கணவர் என் காதருகே, “எத்தனை தட்டுன்னு எழுதி வாங்கிக்கோ” என்றார். சர்ச் மனிதரிடம் அப்படிக் கேட்பது மரியாதையில்லை என்று அவரை அதட்டினேன்.

வாரத்தில் இரண்டு மதியங்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் வான்வடிக்குப் போவேன். அங்கிளின் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் போர்வையை மடித்துப் போட்டுக் குழந்தையைத் தூங்கவைப்பேன். மேலே, மேஜை விளக்கின் கீழே, வேலை நடக்கும். இந்தத் தட்டுகளில் லேபிளை மட்டும் நம்பினால் ஏமாந்துவிடுவோம். ஊசி ஓடும் கடைசிப் பள்ளத்துக்கும் லேபிளுக்கும் நடுவில் வெறும் கறுப்பாக ஒரு வளையம் இருக்கும். அதில் தொழிற்சாலைக்காரர்கள் எறும்பு அளவுக்கு எண்களைக் குத்தியிருப்பார்கள். ஒரே பாட்டை அந்த பேண்ட் அன்று பல முறை வாசித்துப் பதிவு செய்திருக்கும். அதில் இது எந்த முறை வாசித்தது என்பதை அந்த எண்ணின் கடைசி இலக்கம் சொல்லும். தட்டை விளக்குக்குச் சாய்த்து, பூதக்கண்ணாடி வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு படிக்க வேண்டும். அங்கிளுக்குக் கண்ணில் புரை. அவரால் முடியாது.

“உன் கண்ணு நம்பர் ஒன் கண்ணு பேட்டா,” என்பார். எனக்குச் சந்தோஷமாக இருக்கும். ஒரு தட்டுக்கு ஓர் அட்டை. பாட்டு, பேண்ட், எண், கல்கத்தாவில் அச்சானதா சீமையில் அச்சானதா, தட்டு எந்த நிலையில் இருக்கிறது. யாருடைய சேகரிப்பு என்ற இடத்தில் அப்பா பெயரை எழுதப் போனேன். “அது கடைசியில ஒண்ணா எழுதிக்கலாம்,” என்றார். ஒரு தட்டைப் போட்டுக் கேட்கலாமா என்று கேட்டபோது, “ஊசி காஸ்ட்லி பேட்டா, ஃபாரின்ல இருந்து வரணும்,” என்றார். அதனால் இரண்டு வருடம் அந்தத் தட்டுகளை நான் பார்த்தேன், துடைத்தேன், எழுதினேன். ஒன்றைக்கூடக் கேட்கவில்லை.

தட்டுகளைச் சாய்த்துப் பார்க்கும்போதுதான் ஒரு சாம்பல் பட்டை கண்ணில் பட்டது. இரும்பு ஊசியால் அதிகம் தேய்ந்த இடத்தில் அரக்கின் பளபளப்பு போய்ச் சாம்பல் நிறமாகிவிடும். பொதுவாக, பெரிய வாத்தியங்கள் எல்லாம் சேர்ந்து முழங்கும் இடத்தில்தான் முதலில் தேயும். சத்தம் அதிகமானால் பள்ளத்தின் ஆட்டமும் அதிகம். அப்பாவின் தட்டுகளில் முழங்கும் இடம் கறுப்பாகப் பளபளத்தது. நடுவில் எங்கேயோ ஒரு விரல் அகலம் மட்டும் வெளுத்திருந்தது. வெவ்வேறு தட்டில் வெவ்வேறு இடத்தில், ஆனால் ஏதாவது ஓரிடத்தில் மட்டும். அப்பாவா இப்படிப் பொறுப்பில்லாமல் வைத்திருந்தார் என்று முதலில் எரிச்சல் வந்தது.

குழந்தைக்குக் கரண்டியால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த ஒரு நாளில் அது எனக்குப் புரிந்தது. அப்பாவுக்கு நோட்டேஷன் புத்தகம் வாங்க வழியில்லை. ரெக்கார்டிலிருந்துதான் பாடம். கிளாரினெட் வரும் இடத்தில் ஊசியை வைப்பார், நாலு ஸ்வரம் கேட்பார், தூக்குவார், வாசித்துப் பார்ப்பார், மறுபடி அங்கேயே வைப்பார். சாயங்காலம் முழுவதும் அதே இடம். நான் ஓடினால், “ஏட்டி, மெதுவா நட, ஊசி குதிக்கும்,” என்பார். அவர் வீட்டில் எந்தப் பாட்டும் ஆரம்பிப்பதுமில்லை முடிவதுமில்லை என்று பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர்கள் கேலி செய்வார்கள். அந்தப் பட்டைகள் அப்பா உட்கார்ந்திருந்த இடம். அதை அங்கிளிடம் சொல்லவில்லை. ஏன் என்று அப்போது தெரியவில்லை. தவறாக இருந்தால் சிரிப்பாரே என்ற பயமாக இருக்கலாம்.

கடைசி அட்டையை எழுதி முடித்த பிறகு ஒரு மாதம் அவரிடமிருந்து பேச்சில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் ஓர் அழைப்புக் கார்டைக் கையில் கொடுத்தார். வழவழப்பான தாள். அவருடைய ஃபிளாட்டில் இசை மாலை. அவருடைய பெயர், அதன் கீழே அவருடைய சேகரிப்பு என்று ஆங்கிலத்தில். ஊருக்குத் திரும்பிய ஓர் ஆங்கிலேய அதிகாரியின் பங்களா அலமாரியில், ஊசியே படாமல் கிடந்த அபூர்வத் தட்டுகளை அவர் மீட்டெடுத்துப் பல வருட உழைப்பில் ஆவணப்படுத்தியதாக நாலு வரி.

“அங்கிள், அப்பா பேர் இல்லையே?”

“அரே, கோபப்படாத. ரயில்வே கிளார்க் அமெரிக்கன் ஸ்விங் ரெக்கார்டு சேர்த்தார்னா யார் நம்புவா? பங்களான்னாதான் ஜனங்க வருவாங்க. அதோட, பாதி தட்டு நான் உங்கப்பாவுக்குக் கேக்கக் குடுத்தது. அவர் திருப்பித் தரவே இல்ல. நீ சின்னப் பொண்ணு, உனக்குத் தெரியாது.”

அவர் என் தோளைத் தட்டினார். “சனிக்கிழமை கொஞ்சம் சீக்கிரம் வந்துடு பேட்டா. நீ பண்ற பச்சைச் சட்னி சாண்ட்விச் இருந்தா போதும், வேற ஒண்ணும் வேணாம்.”

அந்த வாரம் முழுக்க நான் என்னையே விசாரித்துக்கொண்டேன். அப்பா கடன் வாங்கியிருப்பாரோ? பாதி இல்லாவிட்டாலும் நாலைந்து அவருடையதாக இருக்குமோ? ஏசி அறையில் வைத்துக் காப்பாற்றினாரே, அதற்கு நன்றி வேண்டாமா? கேட்டுக் கேட்டுக் கணவர் சலித்துப் போனார்.

“கேக்க வேண்டிய ஆள் வான்வடியில இருக்காரு. என்னை ஏன் கேக்குற?”

“ஒருவேளை அவர் சொல்றது நிஜமா இருந்தா?”

“நிஜமா இருந்தா உன்னை ஏன் சாண்ட்விச் பண்ணச் சொல்றாரு? எல்லார் முன்னாடியும் தைரியமா உக்கார வச்சு இன்ட்ரொடியூஸ் பண்ணிருப்பாருல்ல?”

எனக்கு அது போதுமானதாக இருந்தது. சனிக்கிழமை காலை கொத்தமல்லியும் பச்சை மிளகாயும் அரைத்தேன். ரொட்டி ஓரங்களை வெட்டினேன். வெண்ணெய் ஓரம்வரை தடவினேன். ஒரு வேலையை அரைகுறையாகச் செய்தாள் என்று அவர் யாரிடமும் சொல்லக் கூடாது. கத்தி ரொட்டியில் இறங்கும்போது சின்ன வயதில் கேட்ட ஒரு பாட்டு ஞாபகம் வந்தது. அதில் கிளாரினெட் எங்கே வருகிறது என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். அடுத்த துண்டுக்கு அடுத்த பாட்டு.

அங்கிளின் ஹாலில் நாற்காலிகள் நிறைந்து, சிலர் சுவரோரம் நின்றார்கள். கணவருக்கு அன்று ஆபீஸ். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றேன். முன்வரிசையில் ஒரு பார்சி அம்மாள், ஊன்றுகோலோடு. அங்கிள் சூட் போட்டிருந்தார். பங்களா கதையைச் சொன்னார். அலமாரிக் கதவு திறந்தபோது வந்த வாசனையைக்கூடச் சொன்னார்.

முதல் தட்டு சுற்றியது. நான் கண்ணால் பார்த்ததை வைத்துத்தான் எல்லாம் நினைத்திருந்தேன், காதால் சோதித்ததில்லை. பித்தளை வாத்தியங்கள் முழங்கின, கண்ணாடிபோல் சுத்தமாக. பியானோ சுத்தம். பிறகு கிளாரினெட் தனியாக எழுந்தது, அதோடு மணல் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தமும் எழுந்தது. கிளாரினெட் முடிந்ததும் மணலும் நின்றது. முன்வரிசையில் பார்சி அம்மாள் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

இரண்டாவது தட்டை அவர் எடுத்தபோது நான் பேசினேன். பேச்சு முழுக்க ஆங்கிலத்தில்தான் நடந்தது. என் நினைவில் அது தமிழில்தான் இருக்கிறது.

“அங்கிள், ஒரு நிமிஷம். இந்தத் தட்டில் என்ன கேட்கும் என்று நான் முதலில் சொல்லட்டுமா?”

எல்லோரும் திரும்பினார்கள். “ஆரம்பம் சுத்தமாக இருக்கும். டிராம்போனும் சுத்தம். கிளாரினெட் வரும்போது இரையும். அது முடிந்ததும் இரைச்சல் நின்றுவிடும்.”

அங்கிள் சிரித்தார். “எங்கள் சர்ச் பெண். பிள்ளை பெற்றதிலிருந்து சரியான தூக்கமில்லை, பாவம், மனசு கொஞ்சம்...” என்று நெற்றிப் பக்கம் விரலை ஆட்டினார். சிலர் மரியாதைக்காகப் புன்னகைத்தார்கள். அந்த விரல் ஆடிய ஆட்டத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை. அதுவரை எனக்குத் தட்டுகள் திரும்பி வந்தால் போதும் என்றுதான் இருந்தது. அந்த விரலுக்குப் பிறகு அது மட்டும் போதாது என்றாகிவிட்டது.

தட்டு சுற்றியது. நான் சொன்னபடியே கேட்டது.

“சத்தம் அதிகமான இடத்தில் எந்தத் தட்டும் தேயும்,” என்றார் அவர்.

“சத்தம் அதிகமான இடம் தேயவில்லையே அங்கிள். ஒற்றைக் கிளாரினெட் மெதுவாக வாசிக்கிற இடம்தானே தேய்ந்திருக்கிறது? அதோடு, இது ஊசியே படாத தட்டு என்றீர்களே?”

ஹாலில் யாரோ சிரித்தார்கள். அவர் முகம் சிவந்தது. பெட்டியைக் கிளறி, வேறொரு தட்டை எடுத்து என் பக்கம் நீட்டினார். “இதற்கும் சொல்லு பார்ப்போம்.”

லேபிளைப் பார்த்தேன். “இது முழுவதும் சுத்தமாக இருக்கும். இதில் கிளாரினெட் தனியாக வராது. அப்பாவுக்கு இதில் வேலை இல்லை.”

அவர் அதைப் போட்டார். முதலிலிருந்து கடைசிவரை புதுத் தட்டு மாதிரி ஒலித்தது. இதற்குள் என் மகள் இசையோடு சேர்ந்து என் தோளில் தட்ட ஆரம்பித்திருந்தாள். மூன்று நிமிடமும் அந்த ஹாலில் யாரும் சாண்ட்விச்சைத் தொடவில்லை.

“யார் உன் அப்பா?” என்று பார்சி அம்மாள் கேட்டார். சொன்னேன்: ரயில்வே கிளார்க், சனிக்கிழமைகளில் கிளாரினெட். அவர் ஊன்றுகோலைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். “என் அண்ணன் டிரம்பெட் பழகினான். எங்கள் வீட்டு ரெக்கார்டுகளில் டிரம்பெட் வரும் இடமெல்லாம் இதே கதிதான். அம்மா கத்துவாள். பேண்டில் வாசிக்கிறவன் வீட்டுத் தட்டு இது. எந்த பங்களா துரை உட்கார்ந்து கிளாரினெட்டை மட்டும் தேய்த்தான்?”

அங்கிள், பாதித் தட்டுகளைத் தானே கடன் கொடுத்ததாக மறுபடி ஆரம்பித்தார்.

“அப்படியானால் தேயாத தட்டில் உங்களுடையது எது என்று எடுத்துக் காட்டுங்கள்,” என்றேன். “லேபிளைப் பார்க்காமல், காதால் கேட்டுச் சொல்லுங்கள். நான் இங்கேயே நிற்கிறேன்.”

அவர் பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. எனக்கு அது இனித்தது. இனிக்கலாமா என்று அப்போதே ஒரு கேள்வியும் வந்தது. இனிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

“எப்போது வந்து எடுத்துக்கொள்ளலாம் அங்கிள்?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். பார்சி அம்மாள்தான், “நாளைக்குக் காலையில். அவருக்கு நாளைக்கு ஒரு வேலையும் இல்லை,” என்றார்.

மறுநாள் சர்ச்சுக்குப் போகாமல் வான்வடிக்குப் போனேன். கணவர் கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். அவர் வந்தால் உதவுவார். அந்தக் கட்டிடத்தில் லிஃப்ட் கிடையாது. அரக்குத் தட்டுகள் நிறைந்த பெட்டி ஒன்று அரிசி மூட்டை கனம் கனக்கும். நான் கீழே, டெம்போவின் பக்கத்தில், மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். மேலே போகவில்லை. அங்கிள் ஒவ்வொரு பெட்டியாகத் தானே தூக்கிக்கொண்டு இறங்கினார். படித் திருப்பத்தில் வைத்து மூச்சு வாங்குவது கேட்டது. மூன்றாவது பெட்டியில் சட்டை நனைந்துவிட்டது.

டெம்போக்காரருக்கு மனசு கேட்கவில்லை. “தாயி, மீ ஆணூ கா?” என்றார் மராட்டியில், அக்கா, நான் போய் எடுத்து வரட்டுமா என்று.

“நக்கோ,” என்றேன். வேண்டாம்.

“பேட்டா, ஒரு கை குடேன்,” என்றார் அங்கிள், நாலாவது பெட்டியோடு.

“குழந்தை இருக்கே அங்கிள்.”

மகள் இறங்கி ஓடவேண்டும் என்று துள்ளிக்கொண்டிருந்தாள். நான் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வயதானவர், நெஞ்சு வலி வந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒவ்வொரு நடைக்கும் பயந்தேன். பயந்துகொண்டே எல்லாப் பெட்டிகளையும் இறக்கவிட்டேன்.

நான் எழுதிய அட்டைகளை அவர் தரவில்லை. தொலைந்துவிட்டன என்றார். அதையும் விடவில்லை, முதலிலிருந்து மறுபடி எழுதினேன். நாங்கள் விமான் நகரில் மூன்றாம் மாடிக்கு மாறிய பிறகு ஈரத் தொல்லை தீர்ந்தது. கணவர் ஊரின் மறுகோடியிலிருக்கும் ஹிஞ்சேவாடிக்குக் கம்பெனி வண்டியில் போய் நெரிசலில் மாட்டித் திரும்பும்வரை, மகள் பள்ளியிலிருக்கும் நேரமெல்லாம் எனக்குச் சொந்தம். அட்டையில் முதல் வரியிலேயே அப்பா பெயரை எழுதினேன். தட்டின் நிலை என்ற இடத்தில், கிளாரினெட் வரும் இடத்தில் தேய்மானம், காரணம் பயிற்சி என்று எழுதினேன். பிறகு அந்தப் பட்டியலைக் குழுவில் இருந்த எல்லோருக்கும் தபாலில் அனுப்பினேன். அங்கிளுக்கும் ஒன்று, பதிவுத் தபாலில், அவர் கையெழுத்துப் போட்டு வாங்கும்படி.

குழு பார்சி அம்மாள் வீட்டுக்கு மாறிவிட்டது. சர்ச்சில் அங்கிள் பின்வரிசைக்குப் போய்விட்டார். பிறகு அங்கேயும் காணோம். மருமகள் வீட்டில் இருக்கிறார், கண் முழுவதும் போய்விட்டது என்று சொன்னார்கள். நான் பாவம் என்று சொல்வேன் எனக் காத்திருந்தவர்களிடம் அப்படிச் சொல்லவில்லை.

போன வருடம் ஒரு மாலை, தரைவழி போன் அடித்தது. குரல் மெலிந்திருந்தது. பேட்டா என்றதும் தெரிந்துவிட்டது.

“கண்ணு போச்சு பேட்டா. காது மட்டும் இருக்கு. இங்க டிவிதான் ஓடுது எப்பவும். உங்கப்பா தட்டு ஒண்ணு... அந்த மெதுவான பாட்டு. இரையுற தட்டா இருந்தாலும் பரவால்ல. போன்லயே வச்சா போதும். மூணு நிமிஷம்தான்.”

உங்கப்பா தட்டு என்று சொன்னார். அதைச் சொல்ல அவருக்கு இத்தனை வருடம் ஆனது. தட்டு அலமாரியில், கை எட்டும் தூரத்தில் இருந்தது. எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே எனக்குத் தெரியும்.

“பாப்பா தூங்குறா அங்கிள்,” என்றேன்.

எதிரே சாப்பாட்டு மேஜையில் கணக்கு ஹோம்வொர்க் போட்டுக்கொண்டிருந்த என் மகள் நிமிர்ந்தாள். “நான் எங்க மம்மி தூங்குறேன்?” என்று உரக்கக் கேட்டாள்.

“சரி பேட்டா,” என்று அங்கிள் வைத்துவிட்டார்.

அவருக்கு அது கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் நான் ரிசீவரைக் கையால் மூடாமல் பிடித்திருந்தேன்.